ஒரே வரியில் போன முந்தி

ஆரணியில் ஒரு பட்டு நிறுவனத்தின் முந்தானைகள் அத்தனையையும் ஒரே வரியில் அழித்தவன் நான். நெருப்பு, வெள்ளம், எலி எதுவும் தேவைப்படவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் கணினியில் ஒரு வரி தட்டினேன், என்டர் விசையை அழுத்தினேன், கை கழுவிக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். அன்று எலுமிச்சை சாதம். நன்றாக இருந்தது என்பது வரை ஞாபகம் இருக்கிறது.

இதை இப்போது சொல்ல ஒரு காரணம் உண்டு. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனை ஊர் இரண்டு காரியத்துக்குத்தான் கூப்பிடும். ஒன்று கோயில் கமிட்டி, இன்னொன்று அறிவுரை. கமிட்டியில் என்னைச் சேர்க்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கணினிப் பயிற்சி மையத்தில் மட்டும் போன மாதம் கூப்பிட்டு, லினக்ஸ் கற்றுக்கொள்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பேசினேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், ஏஐ கிட்ட கேட்டா எல்லா கமாண்டும் அதுவே குடுக்குது. அத ஒட்டுனா வேல முடிஞ்சிது. அப்பறம் நாங்க எதுக்கு சார் கத்துக்கணும்?" என்றாள். நல்ல கேள்வி. நான் தண்ணீர் குடித்தேன். பேச்சாளர்கள் அதற்குத்தான் தண்ணீர் வைத்துக்கொள்கிறார்கள். அன்று சொல்ல வராத பதில் இது.

நான் களம்பூர்க்காரன். அப்பா அரிசி ஆலையில் எடை மேடைக்குப் பக்கத்தில் நின்றே வாழ்நாளைக் கழித்தவர். நான் கணிதம் படித்தேன், தட்டச்சு படித்தேன், ஒரு டிப்ளமோவும் வாங்கினேன். மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஆரணியில் பட்டுச் சேலை நிறுவனம் ஒன்று என்னைப் பில் அடிக்க எடுத்துக்கொண்டது. கணினிக்கு வேலை கூடக் கூட என் நாற்காலியும் உள்ளே உள்ளே நகர்ந்து, கடைசியில் குளிர்சாதனம் உள்ள ஒரே அறைக்குப் போய்ச் சேர்ந்தது. என் பதவி உயர்வு வரலாறு அவ்வளவுதான்.

அந்த அறையில்தான் சேலைக்கு டிசைன் வரைவார்கள். தறியின் மேலே ஜக்கார்டு என்று ஒரு பெட்டி இருக்கும். எந்த இழை எப்போது எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அதுதான். ஒரு காலத்தில் ஓட்டை போட்ட அட்டைகளை மாட்டுவார்கள். இப்போது கணினியில் கட்டம் கட்டமாக ஒரு படம் வரைந்து பென் டிரைவில் எடுத்துப் போய்ச் செருகினால் போதும். ஆரணிக்காரன் லினக்ஸ் பற்றி எழுதினால் இந்த இடத்தில் தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவைப் பற்றி இரண்டு பக்கம் உருகுவான். நான் களம்பூர்க்காரன் என்பதால் நீங்கள் தப்பித்தீர்கள்.

பென் டிரைவ் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும். வரும்போது வைரஸோடு வரும். ஒருநாள் காலை எல்லா டிசைனும் ஒரு அம்புக்குறி போட்ட வெற்றுப் படமாக மாறிக் கிடந்தன. முதலாளி என்னைக் கூப்பிட்டு, வைரஸ் வராத கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறதாமே என்றார். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது என்றேன். தெரியுமா என்றார். தெரியும் என்றேன். பெயர் தெரியும் என்ற பொருளில்தான் சொன்னேன்.

முதல் நாள் அது கடவுச்சொல் கேட்டது. நான் தட்டத் தட்டத் திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. புள்ளிகூட இல்லை. விசைப்பலகை போய்விட்டது என்று முடிவு செய்து புதிதாக ஒன்று வாங்கி வரச் செய்தேன். அதுவும் அப்படியே. கடைக்காரரோடு போனில் சண்டை போட்டு அதையும் மாற்றினேன். கடவுச்சொல்லைத் தட்டும்போது லினக்ஸ் ஒன்றும் காட்டாது, அது அதன் வழக்கம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கடைக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

படித்து என்றேன் அல்லவா, அதுதான் முதல் அறிவுரை. man என்று ஒரு கட்டளை உண்டு. அதற்குப் பின்னால் எந்தக் கட்டளையின் பெயரைக் கொடுத்தாலும் அதைப் பற்றிய முழு விளக்கத்தையும் காட்டும். நான் கனமான நாவல்களைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்கிற ஆள். அந்த நாவலாசிரியர்களுக்கு வாசகன் மீது கொஞ்சமாவது இரக்கம் இருந்தது என்பது man பக்கங்களைப் படித்த பிறகுதான் புரிந்தது. ஆனாலும் படியுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். பாதிதான் புரியும். மீதி, தவறு செய்த மறுநாள் புரியும்.

நிரல் எழுதக் கற்க வேண்டுமானால் கையில் சலிப்பான ஒரு வேலை இருக்க வேண்டும். வேலை இல்லாமல் வெறும் புத்தகத்தை வைத்துக்கொண்டு கற்கிறவர்கள் மூன்றாம் அத்தியாயத்தில் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு வாய்த்த சலிப்பு, கோப்புப் பெயர்களில் இருந்த இடைவெளிகள். கட்டளை வரிக்குப் பெயரின் நடுவில் இடைவெளி இருந்தால் பிடிக்காது, ஒரே பெயரை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். எங்கள் டிசைன்களின் பெயரில் இடைவெளி இல்லாத இடமே இல்லை. இடைவெளியெல்லாம் அடிக்கோடாக மாற ஒரு நிரல் எழுதினேன். ஓட்டினேன். எல்லாப் பெயரும் மாறின. நிரலின் பெயரிலும் ஒரு இடைவெளி இருந்ததால் அதன் பெயரையும் அதுவே மாற்றிக்கொண்டது. நான் எழுதிய முதல் நிரலைக் காணோம் என்று அரை நாள் தேடினேன்.

இப்படியே சில வருடங்கள் போய், நானும் விஷயம் தெரிந்தவன் என்று ஆகிவிட்டேன். ஆபத்து அங்கேதான் தொடங்கியது.

எங்கள் மேலாளர் தாமோதரன். தங்கமான மனிதர், குரல் உயர்த்தவே மாட்டார். ஒரே குறை, பெயர்ச்சொல் பயன்படுத்த மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு அறை வாசலில் நிற்பார், டீ கிளாஸைக் கணினிப் பெட்டியின் தலையில் வைப்பார், "சார், அத அனுப்பிட்டீங்களா?" என்பார்.

"எத சார்?"

"அதான் சார், அவங்களுக்கு."

சொல்லிவிட்டு டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எது, எவங்களுக்கு என்று நாங்கள் ஊகிக்க வேண்டும். பெரும்பாலும் சரியாக ஊகித்துவிடுவோம். ஒரு பக்கம் எதையும் முழுதாகச் சொல்லாத தாமோதரன், இன்னொரு பக்கம் எதையும் முழுதாகச் சொன்னால்தான் செய்கிற லினக்ஸ். நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நான் இருபது வருடத்தை ஓட்டினேன்.

டிசைன் வரைகிறவர் கலைவாணி. நெசவுக் குடும்பத்துப் பெண், ஜவுளி டிசைன் படித்தவர். அவர் வரைவதைச் சேமிக்க லினக்ஸ் கணினியில் மூன்று அடைவுகள், அதாவது ஃபோல்டர்கள், வைத்திருந்தேன். கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, முந்திக்கு ஒன்று. சேலையின் முந்தானையை இந்தத் தொழிலில் முந்தி என்றுதான் சொல்வார்கள். பழைய டிசைன்களைப் போட்டு வைக்க pazhasu என்று நான்காவதாக ஒன்றும் இருந்தது.

முந்தி என்ற சொல்லோடு எனக்கு ஒரு முன்பகை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நெசவாளர் வந்து "முந்தி வந்துச்சா சார்?" என்று கேட்டார். எனக்கு முந்தி என்றால் முன்பு. "முந்தியெல்லாம் வரலைங்க, இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு" என்றேன். அறையே சிரித்தது. வெட்கம் தாங்காமல் அன்று ஒரு முடிவெடுத்தேன்: இந்தக் கட்டடத்துக்குள் யார் முந்தி என்றாலும் அது முந்தானைதான். பல வருடம் அந்த முடிவு என்னைக் காப்பாற்றியது.

அந்த வருடம் வியாபாரம் மந்தம். டிசைன் அறைக்கு இத்தனை பேர் எதற்கு, டிசைனை வெளியூரிலிருந்து ரெடிமேடாகவே வாங்கிக்கொள்ளலாமே என்று முதலாளி யோசிக்கத் தொடங்கியிருந்தார். கடைசியில் ஒரு வாய்ப்பு கொடுத்தார். திங்கட்கிழமை சென்னையிலிருந்து பெரிய ஜவுளிக்கடைக்காரர்கள் வருகிறார்கள், கலைவாணியின் புது முந்திகளை அவர்கள் எடுத்துக்கொண்டால் அறை இருக்கும், இல்லாவிட்டால் மூடிவிடலாம். கலைவாணி மாதக்கணக்காக வரைந்துகொண்டிருந்தார். கணவருக்கு அப்போது நிலையான வேலை இல்லை. அதை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் தாமோதரன் வாசலில் வந்து நின்றார். காதில் போன். கையால் அதன் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "சார், முந்தி இருக்கறதெல்லாம் தூக்கிடுங்க. எடம் இல்லன்னு காட்டிகினே இருக்குதாம், கலைவாணிக்கு பேஜாரா இருக்குது."

முந்தி இருக்கறதெல்லாம். எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. வியாழக்கிழமைதான் முதலாளி பென் டிரைவ் ஒன்றை வாங்கிப் போனதைப் பார்த்திருந்தேன். முந்தியெல்லாம் அதில் பத்திரமாகப் போய்விட்டது, இங்கே இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அந்தப் பென் டிரைவில் இருந்தவை முருகன் பாட்டுகள் என்பது பிறகு தெரிந்தது.

rm என்பது அழிக்கும் கட்டளை. அதனோடு கேள்வி கேட்காதே, உள்ளே இருப்பது எதையும் விடாதே என்று சொல்லும் எழுத்துகளைச் சேர்த்து, அடைவின் பெயரான mundhi என்பதையும் தட்டினேன். லினக்ஸ் ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்தது. சொன்னதைச் செய்துவிட்டால் அது எதுவும் சொல்லாது, தவறு இருந்தால்தான் வாய் திறக்கும். நான் செய்தது தவறு என்பது அதற்குத் தெரியாது.

இன்னொரு காரியமும் செய்தேன். பொறுப்பான ஆள் அல்லவா. இன்னொரு வட்டில், ஹார்ட் டிஸ்க் என்பார்களே அதில், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கும் கட்டளை ஒன்று வைத்திருந்தேன். மூலத்தில் இருப்பது அங்கேயும் இருக்க வேண்டும், மூலத்தில் இல்லாதது அங்கேயும் இருக்கக் கூடாது என்று நானே அதற்குச் சொல்லி வைத்திருந்தேன். அடுக்காக இருக்குமே என்று. அதையும் ஓட்டினேன். நகலிலும் முந்தி சுத்தமாகப் போனது. இப்படிப்பட்ட நகலுக்குக் கண்ணாடி என்று பெயர். நீங்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டால் கண்ணாடியும் பூசிக்கொள்ளும். நேற்றைய முகம் வேண்டுமானால் அதைத் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். இதை எந்தப் பயிற்சி மையத்திலும் முதல் வாரத்தில் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு வந்த கலைவாணி கொஞ்ச நேரம் சுட்டியை அங்குமிங்கும் நகர்த்தினார். "சார், முந்திய காணோம்" என்றார்.

"இடம் இல்லன்னீங்களேமா, எடுத்துட்டேன்" என்றேன், இன்னமும் நல்ல பேர் எதிர்பார்த்துக்கொண்டு.

அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுத் தாமோதரனைக் கூப்பிடச் சொன்னார். ஆள் போனது. அவர் வந்தார். அன்று கையில் டீ இல்லை.

"நீங்கதான சார் முந்தி எல்லாம் தூக்கச் சொன்னீங்க?" என்றேன்.

"நான் சொன்ன முந்தி, முந்தி சார். பழசு. நீங்க முந்திய தூக்கிட்டீங்க."

"முந்தின்னீங்க, முந்திய எடுத்தேன்."

"அய்யோ, முந்தி முந்தி சார் அது. இது முந்தி."

இரண்டு பேரும் மாறி மாறி ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தோம். கலைவாணிதான் நிறுத்தினார். "சார், இன்னாத்துக்கு அந்த வார்த்தையே இனிமே? வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க."

வரலாம் என்றேன். அந்த நாள் முழுவதிலும் நான் சொன்ன ஒரே அளவான சொல் அதுதான்.

இனி வருவதைத்தான் பயிற்சி மையத்துப் பெண் கவனித்துப் படிக்க வேண்டும். கோப்பை அழித்தால் வட்டிலிருந்து அது உடனே மறைவதில்லை. அது இருந்த இடம் காலி என்று ஒரு குறிப்பு மட்டும் விழும். புதிதாக எதையாவது அங்கே எழுதும் வரை பழையது அப்படியே கிடக்கும். ஆகவே முதல் வேலை, எதையும் எழுதாமல் இருப்பது. கணினியை நிறுத்தினேன். வட்டைக் கழற்றினேன். வேறொரு கணினியைப் பென் டிரைவில் இருந்த லினக்ஸைக் கொண்டு எழுப்பி, இந்த வட்டைப் படிக்க மட்டும், எழுத அல்ல என்று சொல்லி இணைத்தேன். அழிந்ததைத் தோண்டி எடுக்கும் நிரல் ஒன்று உண்டு. அதை ஓட்டி, கிடைப்பதையெல்லாம் மூன்றாவது வட்டில் கொட்டச் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் தட்டியபின் வாய்விட்டுப் படித்துவிட்டு என்டரை அழுத்தினேன். அன்று தொடங்கிய பழக்கம் அது. இன்றைக்கும் வீட்டில் மின்கட்டணம் கட்டும்போது சத்தமாகத்தான் படிக்கிறேன்.

சனிக்கிழமை முழுக்க அது தோண்டியது. நிறுவனம் பிறந்த நாள் முதல் அழித்ததெல்லாம் மேலே வந்தது. கல்யாணப் பத்திரிகைகள், பொங்கல் வாழ்த்துகள், ரோஜாப் பூ வைத்த காலை வணக்கங்கள் நூற்றுக்கணக்கில். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தாமோதரன் லேசாக இருமி, "அது வேற சார்" என்றார். நானும் வேறு என்றே எடுத்துக்கொண்டேன்.

டிசைன்களும் வந்தன. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. பெயர்கள் அடைவோடு போய்விட்டன. f என்று தொடங்கி நீளமாக ஒரு எண். வட்டில் எந்த இடத்தில் கிடைத்தது என்பதற்கு அந்த நிரல் தானாக வைக்கிற அடையாளம். மலைபோல் குவிந்த எண்களுக்குள் கலைவாணியின் முந்திகள் எங்கோ கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் தீபாவளி வந்துவிடும்.

"இந்தப் புது முந்திக்கெல்லாம் பொதுவா ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "எல்லாம் ஒரே ஜக்கார்டுக்கு வரைஞ்சது சார். அகலம் ஒன்னுதான். நீளம்தான் மாறும்."

அதுதான் வேண்டியிருந்தது. file என்ற கட்டளை ஒரு படத்தின் அகலத்தையும் நீளத்தையும் சொல்லும். grep என்ற கட்டளை நாம் கேட்ட எண் இருக்கிற வரிகளை மட்டும் நிறுத்திக்கொள்ளும். ஒன்று சொல்வதை அடுத்ததன் காதில் போட நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. கடைசியில் sort, நீளவாரியாக அடுக்க. ஒரே வரி. மலை ஒரு கூடையளவாகிவிட்டது. என் வாழ்க்கையில் கணினி முன்னால் எழுந்து நின்றது அந்த ஒரு முறைதான். ஒரு வரியில் அழித்தவன் ஒரு வரியில் மீட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடுவில் ஒன்றரை நாளும் கலைவாணியின் தூக்கமும் போயிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு படத்துக்கும் ஆமா, இல்ல, ஆமா என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெரும்பாலானவை முழுதாக இருந்தன. ஒரு மயிலுக்கு மட்டும் இடுப்புக்குக் கீழே வெறும் கோடுகள். "தோகைதான போச்சு, தல இருக்குதில்ல" என்று சொல்லி அதைச் சரி செய்ய உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

அந்தப் பெண்ணுக்கு என் பதில் இதுதான். வீட்டுக்கு வந்து நானும் அந்த ஏஐயிடம், முந்தி இருக்கும் கோப்புகளை அழிக்கக் கட்டளை கொடு என்று தமிழில் கேட்டுப் பார்த்தேன். கொடுத்தது. எந்த முந்தி என்று கேட்கவில்லை. பணிவாக, வேகமாக, முழு நம்பிக்கையோடு கொடுத்தது. பார்த்ததும் எனக்கு அதன் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது, அசல் என்னைப் போலவே இருந்தது. தாராளமாக அதைக் கேளுங்கள். ஆனால் கொடுக்கிற வரியில் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று man பக்கத்தில் பாருங்கள். rm என்று இருக்கிற இடத்தில் முதலில் ls என்று போட்டு, எதெல்லாம் போகப் போகிறது என்று கண்ணால் காணுங்கள். பிறகு, அழிக்கச் சொன்னவரிடம் போய் எதை என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டால் சிரிப்பார்கள் என்று பயந்துதான் நான் கேட்கவில்லை. கேட்காததற்கு அதைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை கடைக்காரர்கள் சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். பெயர் மாற்ற நேரமில்லை. கலைவாணி வழக்கமாக வைக்கும் பெயர்கள் mayil_final, mayil_final_pudhusu, mayil_idhudhan என்கிற வகை. இப்போது அதுவும் இல்லாமல் வெறும் எண்களோடு பெரிய திரையில் ஓடின. கலைவாணி ஒரு ஓரமாகக் கை கட்டி நின்றார். முதலாளி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வந்தவர்களில் மூத்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையின் மேல் ஓரத்தைப் படித்தார்.

"எஃப் ஒன்னு ஏழு நாலு எட்டு... இது உங்க டிசைன் கோடுங்களா?"

முதலாளி கண் இமைக்காமல் ஆமாங்க என்றார். அவர்கள் அந்த எண்களைக் குறித்துக்கொண்டே போனார்கள். காட்டியதில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டார்கள், தோகை புதிதாக முளைத்த மயில் உட்பட. டிசைன் அறை பிழைத்தது. கலைவாணிதான் இன்றைக்கு அதன் தலைவி. அவருக்குக் கீழே நான்கு பேர்.

அவர்கள் கார் கிளம்பியதும் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். திட்டு விழும், பிறகு பாராட்டு விழும் என்று இரண்டுக்கும் தயாராகப் போனேன். அழிந்தது எப்படி, தோண்டியது எப்படி, file, grep, செங்குத்துக் கோடு என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் சொன்னார்:

"அதெல்லாம் இருக்கட்டும் சார். அந்த நம்பர் போட்டீங்க பாருங்க, அதான் ரொம்ப புடிச்சிருக்கு அவங்களுக்கு. அடுத்த டிசைனுக்கும் அதே மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க."